புகை வந்தா சொல்லு

எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் வாய் கொடுக்கக் கூடாது. வாய் ஓயாதவனுடைய எஞ்சினைப் பிரிக்கவும் கூடாது. இந்த இரண்டு தப்பும் ஒரே குடும்பத்தில் நடந்தது.

மெக்கானிக் அதிகம் பேசாதவன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவன் மாதிரி இருப்பான். கேட்ட கேள்விக்குத் தலையாட்டலே பதில், அதுவும் நட்டு இறுகிய பிறகுதான். அவனுக்கு வாய்த்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, நேர் எதிர். திரைச்சீலைத் துணி விற்கிறவன். ஜன்னல் இல்லாத வீட்டுக்கும் திரைச்சீலை விற்றுவிட்டு வரக்கூடியவன். ஷெட்டில் அவனுக்கு வைத்திருந்த பெயர் ரேடியோ. சாப்பிடும்போது பேசுவான், சிரித்துக்கொண்டே பேசுவான், தூக்கத்திலும் துணிக்கு விலை சொல்வான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அவன் அக்கா பெருமையாகச் சொல்வாள். அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். கல்யாணத்தன்றே கணவனிடம் சொல்லிவிட்டாள்: "என்னை எது வேணா சொல்லுங்க. அவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

ரேடியோவிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. பின்பக்கம் நீண்டு, கதவு மேல்நோக்கித் தூக்கித் திறக்கிற மாதிரி வண்டி. பின் சீட்டை மடித்துவிட்டால் துணி உருளைகளை நீளவாக்கில் அடுக்கலாம். அது ஆயிலைத் தண்ணீர் மாதிரிக் குடிக்க ஆரம்பித்ததும் மெக்கானிக் எஞ்சினை இறக்கினான். சிலிண்டரைக் குடைந்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டு, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் தன் கையால் முறுக்கினான். வேறு யாரையும் தொட விடவில்லை. மழைக்காலம் முழுக்க அந்த வேலைதான். ஏற்றி மாட்டிச் சாவியைத் திருப்பினபோது ஒரே உதறலில் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவன் இரண்டு தரம் சிரித்தான் என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து ரேடியோ வந்து ஷெட் வாசலில் நின்றான். வாடிக்கையாளர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவனுக்கு அதுவே போதும்.

"மாமா, வண்டி புகையுது."

"புகையாது."

"நீலமா புகையுது மாமா."

நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைப் புகை என்றால் தண்ணீர். கருப்பு என்றால் பெட்ரோல் கூடிப்போயிற்று, ஒரு திருகில் சரியாகும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அதாவது பிரித்து மாட்டினவன் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறான். புதிதாக வேலை பார்த்த எஞ்சின் நீலமாகப் புகைத்தால் எரிவது ஆயில் மட்டுமல்ல, மெக்கானிக்கின் மானமும்தான்.

"நீ எப்படி ஓட்டின?"

"புது எஞ்சினாச்சேன்னு பூ மாதிரி ஓட்டினேன். முப்பதைத் தாண்டலை."

மெக்கானிக் கையிலிருந்த துணியை விசிறி எறிந்தான். பிஸ்டனைச் சுற்றின புது ரிங் சிலிண்டர் சுவரோடு உரசி உரசித்தான் இடம் பிடிக்கும். அதற்கு மேட்டில் இழுக்க வேண்டும், பள்ளத்தில் காலை எடுத்துவிட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி இறக்க வேண்டும், திரும்பவும் இழுக்க வேண்டும். செல்லம் கொடுத்து மெதுவாக ஓட்டினால் சுவர் வழவழப்பாகிவிடும், ரிங் உட்காராது, ஆயில் மேலே ஏறும். இதை அவன் வண்டி கொடுத்த அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேசாதவனுடைய கஷ்டம் அதுதான், எல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வான்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. தட்டில் சோறு விழுகிற நேரத்தில் "நெருப்பில்லாம புகையாது மாமா" என்பான் ரேடியோ. கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன், ஒன்றும் தெரியவில்லை என்பான் மெக்கானிக். ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரியும் என்பான் ரேடியோ. பைக்கில் ஒருவனைப் பின்னால் வரச் சொல்லிப் பார்த்தார்கள். அவன் தூசியையும் புகையையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பினான். நிறம் தெரிய வேண்டுமென்றால் சைலன்சர் வாயருகே முகத்தை வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் வண்டி மேட்டில் இழுக்கும்போது. இழுக்கும்போது நீலம் வந்தால் ரிங். காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதிக்கும்போது வந்தால் வால்வு. இரண்டில் எது என்று தெரிந்தால்தான் எதைப் பிரிப்பது என்று தெரியும். பிரிக்கவே வேண்டாம் என்று தெரிந்தால் இன்னும் நல்லது.

"நான் பின்னாடி படுத்துக்கிட்டுப் பார்க்கிறேன்" என்றான் ரேடியோ. "டிக்கியைத் தூக்கி விடுங்க. துணி மேல குப்புறப் படுத்துக்கிட்டுத் தலையை மட்டும் ஓரத்துல வைக்கிறேன். என் கண்ணை ஏமாத்த முடியாது மாமா. அறுபது நீலம் எனக்குத் தெரியும், வியாபாரமே அதான்."

மெக்கானிக் யோசித்தான். நல்ல யோசனையாகத்தான் பட்டது. இருவருக்குமே நல்ல யோசனையாகப் பட்டதுதான் கேடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். அக்கா வாசலுக்கு வந்தாள். தம்பி டிக்கியில் படுத்துக் காட்டியதும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விழுந்து தொலைச்சான்னா?"

"கட்டிடறேன்" என்றான் மெக்கானிக். வண்டி இழுக்கிற நைலான் கயிற்றை எடுத்து மச்சானின் இடுப்பில் சுற்றி, முன் சீட்டின் இரும்புக் காலில் முடிந்தான். எஞ்சின் தூக்குகிறவன் போடுகிற முடிச்சு. இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. அவளுக்குக் கொஞ்சம் சமாதானமாயிற்று. விழுவதைத் தவிர வேறெதற்கும் பயப்பட அவளுக்குத் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை.

"ஒரு பந்தயம்" என்றான் மெக்கானிக். அவன் பந்தயம் கட்டி யாரும் பார்த்ததில்லை. "புகை வந்தா நிறத்தைச் சொல்லு. வரலைன்னா வாயைத் திறக்காத. எனக்கு எஞ்சின் சத்தம் கேக்கணும். அரை மணி நேரம் சேர்ந்தாப்புல நீ ஒரு நிறமும் சொல்லலைன்னா வண்டி சரி. அப்புறம் ஷெட்டுல வந்து நீயே நாலு பேர்கிட்ட சொல்லணும்."

"அரை மணி நேரம் நான் பேசாம இருக்கணுமா? அதைவிட எஞ்சினைச் சரி பண்றதே சுலபம், மாமா. அது ஒரு நாள் சரியாகிடும்."

அக்கா சிரித்தாள். "முழுசாக் கொண்டு வந்து சேருங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அணைக்கட்டுக்குப் பின்னால் போகிற சாலை ஞாயிறன்று காலியாக இருக்கும். ஏற்றமும் இறக்கமுமாக நீளும், கடைசியில் பூட்டிக் கிடக்கிற ஒரு பம்ப் அறை. அங்கே திரும்பி மறுபடி வரலாம். மெக்கானிக் ஜன்னல்களை எல்லாம் மேலே ஏற்றினான். காற்று காதில் அடித்தால் எஞ்சின் பேசுவது கேட்காது. டாஷ்போர்டில் வெளிக்காற்று வருகிற துவாரத்தைத் தன் முகத்துக்கு மட்டும் திருப்பி வைத்துக்கொண்டான். புது எஞ்சின் சூடேறக் கூடாது என்று கார்புரேட்டரில் பெட்ரோலையும் ஒரு திருகு கூட்டி வைத்திருந்தான்.

மூடின ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விட்டுச் செத்தவர்களின் கதை அவனுக்குத் தெரியாததல்ல. ஷெட்டின் கதவைத் திறந்து வைக்காமல் அவன் ஒரு நாளும் சாவியைத் திருப்பினதில்லை. ஆனால் இங்கே கதவு ஆகாயத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறதே! கதவு திறந்திருந்தால் கெட்டது வெளியே போய்விடும் என்று நினைப்பது ஷெட்டுக்குச் சரி. ஓடுகிற வண்டிக்குச் சரியில்லை. முன்னால் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பின்னால் மட்டும் திறந்துகொண்டு ஓடினால், வண்டி தான் கக்கினதைத் தானே உள்ளே இழுக்கும். அதில் ஆளைச் சாய்ப்பது எதுவோ, அது நீலமும் இல்லை, கருப்பும் இல்லை. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. சைலன்சர் வாய்க்கு ஒரு சாண் மேலே முகத்தை வைத்துக்கொண்டு, நிறத்தைத் தேடிக்கொண்டு படுத்திருந்தான் ரேடியோ.

முதல் ஏற்றம்.

"வெள்ளை!" என்று பின்னாலிருந்து சத்தம். "வெள்ளை மாமா, லேசா!"

"அது ஈரம். போயிரும்."

போயிற்று. இரண்டாவது ஏற்றத்தில் மெக்கானிக் மூன்றாவது கியரில் வைத்து மிதித்தான். எஞ்சின் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது. அவனுக்கு அந்த இழுப்பு பாதத்திலிருந்து இடுப்பு வரை இனித்தது.

"நீலம்! நல்ல நீலம்! ராணி நீலம் மாமா! படுக்கை அறைக்குப் போடலாம்!"

"கத்தாத. நீலம்னா நீலம்னு மட்டும் சொல்லு."

"சரி, நீலம்."

இறக்கத்தில் காலை எடுத்தான். வண்டி முனகிக்கொண்டு வேகம் குறைந்தது. அடியில் மறுபடி மிதித்தான். பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. அப்படியானால் வால்வு சுத்தம். ரிங்தான், உட்கார்ந்துவிட்டால் போதும். அவனுக்கு மனசு லேசாயிற்று. ஏற்றம், இறக்கம், ஏற்றம். பம்ப் அறை வரை போய்த் திரும்பினான். ஒவ்வொரு ஏற்றத்திலும் நீலம் வந்தது, ஆனால் ரேடியோவின் குரலில் நிறம் வெளுத்துக்கொண்டே போயிற்று. முதலில் ராணி நீலம், அப்புறம் வான நீலம், அப்புறம் "சாயம் போன நீலம்." நடுநடுவே அவன் வேறு கதையும் பேசினான். வட்டமான ஜன்னலுக்குச் சதுரத் துணி வாங்கின ஒருத்தியைப் பற்றி. மெக்கானிக் எஞ்சினை மட்டும் கேட்டான்.

"மாமா, தலை வலிக்குது."

"பேசிக்கிட்டே வந்தா வலிக்கத்தான் செய்யும்."

"இல்ல மாமா, நெத்தியில சம்மட்டி போடறாப்புல இருக்கு. கொஞ்சம் நிறுத்தறீங்களா?"

"பந்தயத்துல தோக்கப் போறேன்னு இப்பவே சாக்கு சொல்றியா?"

ரேடியோ சிரித்தான். சிரிப்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. ஆனால் சிரிக்கிறவனைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? மெக்கானிக்குக்கும் புருவத்துக்கு மேல் லேசாகப் பாரமாகத்தான் இருந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியது என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த ஏற்றத்தில் நீலம் என்று சத்தம் வரவில்லை. உச்சிக்குப் போகும்போதுதான், பாதித் தூக்கத்தில் பேசுகிறவன் குரலில் ஒரு வார்த்தை வந்தது.

"பச்சை."

"என்னது?"

"பச்சை மாமா... பச்சை... அழகா இருக்கு."

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தான். பச்சைப் புகை கக்குகிற எஞ்சின் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. சொல்ல நிறம் இல்லாமல் போய் விளையாடுகிறான், அவ்வளவுதான். "பச்சைக்கெல்லாம் மார்க் கிடையாது" என்று சொல்லிவிட்டு டாஷ்போர்டு கடிகாரத்தைப் பார்த்தான். அரை மணி நேரத்தை அப்போதிருந்து எண்ண ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு வந்தது அவன் வாழ்க்கையிலேயே நிம்மதியான ஓட்டம். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரப்பை விட்டு ஒரே சுருதிக்கு வந்துகொண்டிருந்தது. ஏற்றத்தில் திணறல் இல்லை, இறக்கத்தில் பொருமல் இல்லை. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் துணி உருளைகளுக்கு நடுவே மச்சானின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன, முன் சீட்டுகளுக்கு நடுவில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். முதலில் அவை எதற்கோ தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அப்புறம் வளைவுகளில் வண்டியோடு சேர்ந்து சாய்ந்தன, நிமிர்ந்தன. சொகுசாகத்தான் படுத்திருக்கிறான் என்று நினைத்தான்.

புகை வரவில்லை என்றால் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. ஆகவே புகை வரவில்லை. இதில் எங்கே ஓட்டை இருக்கிறது? ஒவ்வொரு ஏற்றத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். ஒவ்வொரு ஏற்றமும் மௌனமாகத் தாண்டியது. ஒவ்வொரு தரமும் நெஞ்சுக்குள் கொஞ்சம் சர்க்கரை விழுந்தது. ஷெட்டில் அந்த நாலு பேர் முன்னால் ரேடியோ வாய் குழறி நிற்பதை நினைத்துப் பார்த்தான். தலை வலித்தது. ஆனால் சந்தோஷமும் ஒரு மாதிரிக் கிறுகிறுப்பாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

பம்ப் அறை அருகே திருப்பும்போது குரல் கொடுத்தான்: "என்ன மச்சான், நாக்கு ஒட்டிக்கிச்சா?"

பதில் இல்லை.

"பேசலாம், பரவால்ல. சும்மா கேக்கறேன்."

பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது. தோற்கிறவனுக்குக் கோபம் வருவது நியாயம்தானே? பந்தயம் முடிகிற வரை விறைப்பாகத்தான் இருப்பான். இருக்கட்டும்.

கடிகாரத்தில் அரை மணி முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்திவிட்டு இறங்கிப் பின்னால் போய் மச்சானின் முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். அந்தப் பாவி நிறுத்தவில்லை. இன்னும் ஒரு ஏற்றம் பார்க்கலாம் என்று நினைத்தான். அதையும் தாண்டினான். இன்னும் ஒன்று. சுகமாக இருந்தது.

அப்போதுதான் மனைவியின் போன் வந்தது. வண்டி ஓட்டும்போது எடுக்காதவன், அன்றைக்குச் சொல்வதற்கு நல்ல செய்தி இருந்ததால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"புகையே இல்ல" என்றான், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. "ஒரு துளி இல்ல. அரை மணிக்கு மேல ஆச்சு."

"நல்லதாப் போச்சு. அவன்கிட்ட குடுங்க."

"அவன் பேச மாட்டான்."

"ஏன்?"

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல. பந்தயம்."



"அரை மணி நேரமா அவன் ஒண்ணுமே பேசலையா?"

"இல்ல."

"பாட்டு? சிரிப்பு? எதுவும் இல்லையா?"

"இல்லைங்கறேன்ல. நான் சொன்னதைக் கேட்டு நடந்துக்கறான்."

"நீங்க சொல்லி அவன் என்னைக்குங்க கேட்டிருக்கான்?"

மெக்கானிக்கின் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தானாக எழுந்தது. வண்டி இறக்கத்தில் முனகியது. கண்ணாடியில் பாதங்கள் வலப்பக்கம் சாய்ந்தன, வண்டி நிமிர்ந்ததும் நிமிர்ந்தன. தாளம் போட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்று இப்போதுதான் யோசித்தான். இடது கையைப் பின்னால் நீட்டி ஒரு பாதத்தைப் பிடித்தான். பிடித்துக் குலுக்கினான். கிச்சுகிச்சு மூட்டினால் ஊரைக் கூட்டுகிறவன் மச்சான். பாதம் அவன் கையில் அப்படியே கிடந்தது.

"வண்டியை நிறுத்துங்க" என்று அவள் கத்தினாள். "நிறுத்துங்க! நிறுத்துங்க!"

நிறுத்தி இறங்கினபோது அவனுக்கே கால் தள்ளாடியது. வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். ரேடியோ கன்னத்தைக் கம்பளத்தில் பதித்துப் படுத்திருந்தான். முகம் ரோஜா நிறத்தில் பளபளத்தது. அவ்வளவு ஆரோக்கியமாக அவன் முகம் ஒரு நாளும் இருந்ததில்லை. கண் பாதி திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்து துணியை நனைத்திருந்தது. கீழே சைலன்சர் மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. புகை ஒரு இழை கூட இல்லை. நிறமே இல்லாத அந்த மூச்சைப் பார்த்ததும்தான் மெக்கானிக்குக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. எந்த வருஷமோ யாரோ சொன்ன மூடின ஷெட்டின் கதை நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எஞ்சினை அணைத்தான்.

தோளைப் பிடித்து இழுத்தான். கயிறு விடவில்லை. முன் சீட்டின் காலடியில் மண்டியிட்டு முடிச்சைப் பிடித்தான். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. அவன் போட்ட முடிச்சு, அவன் இழுத்து இறுக்கின முடிச்சு, அவனுக்கே அவிழவில்லை. பல்லால் கடித்தான். கடைசியில் கருவிப் பெட்டியைக் கவிழ்த்து, ரம்பத் தகட்டைத் தேடி எடுத்து, அழுதுகொண்டே அறுத்தான். டாஷ்போர்டிலிருந்து போன் அலறிக்கொண்டே இருந்தது. "பேசறானா? பேசச் சொல்லுங்க அவனை! என்னங்க, பேசறானா?"

சாலையோரப் புல்லில் கிடத்திச் சட்டையைக் கிழித்தான். மூச்சு இருந்தது. மேலோட்டமாக, எப்போது வேண்டுமானாலும் மறந்துவிடும் போல இருந்தது. வாயில் வாய் வைத்து ஊதினான். கன்னத்தில் அடித்தான்.

"மச்சான், பேசுடா. எதையாவது பேசு. திட்டு. நீலம்னு சொல்லு, நான் ஒத்துக்கறேன். புகையுதுடா, என் எஞ்சின் புகையுது, நீ சொன்னதுதான் சரி. பேசு."

சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தது அந்த ஒரு வண்டிதான். டிக்கி கதவை அறைந்து மூடி, ஜன்னல்கள் அத்தனையையும் இறக்கிவிட்டு, மச்சானை முன் சீட்டில் சாய்த்து பெல்ட் போட்டான். தலை காற்றுப் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தான். சாவியைத் திருப்பினான். அதே எஞ்சின் அதே ஒரே உதறலில் பிடித்துக்கொண்டது.

மழைக்காலம் முழுக்கக் கண்ணுக்குள் வைத்துக் காத்த எஞ்சினை அவன் தரையோடு மிதித்தான். ஓடிப் பழகாத எஞ்சினை அப்படி மிதித்தால் என்ன ஆகும் என்று அவனைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. சூடு முள் ஏறியது, ஏறட்டும் என்றான். அடியில் ஏதோ தட்ட ஆரம்பித்தது, உடையட்டும் என்றான். பின்னால் என்ன நிறத்தில் புகைந்தது என்று அவன் பார்க்கவில்லை. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் மச்சானின் மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தான், அது ஏறி இறங்குகிறதா என்று. வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தான். கல்யாணமான நாளிலிருந்து மொத்தமாகப் பேசினதைவிட அன்று அதிகம் பேசினான். என்ன பேசினான் என்று அவனுக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் நின்றிருந்தாள். போனில் கேட்டுக்கொண்டே கிளம்பி அவனுக்கு முன்னால் வந்துவிட்டாள், காலில் செருப்பில்லாமல். அந்தச் சிவப்பு விஷக் காற்றின் வேலை என்று தெரியாமல், தம்பியின் கன்னத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் அவள் முகம் மலர்ந்தது. பிறகு தொட்டுப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று, கதவு ஆடி நின்றது.

வெகு நேரம் கழித்து ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டி ஓட்டிட்டு வந்தது யாரு?"

"நான்தாங்க."

"மூச்சு இருக்கு. இப்போதைக்கு உயிருக்குப் பயமில்லை. ஆனா எந்த அளவுக்குத் திரும்பி வருவார், பேசுவாரா, ஆளைத் தெரிஞ்சுக்குவாரான்னு இப்ப என்னால சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் நினைவில்லாம அந்தப் புகையைச் சுவாசிச்சார்ங்கறதுதான் கணக்கு. அவர் கடைசியாப் பேசினதுக்கும் நீங்க வண்டியை நிறுத்தினதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்? சும்மா தோராயமாச் சொன்னாக்கூடப் போதும்."

தோராயமாகச் சொல்லத்தான் அவனும் ஆசைப்பட்டான். தெரியவில்லை என்று சொல்லவும் ஆசைப்பட்டான்.

"முப்பத்தேழு நிமிஷம்" என்றான்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "நிச்சயமாத் தெரியுமா? இந்த மாதிரி நேரத்துல யாருக்கும் அவ்வளவு சரியா..."

"தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவர் உள்ளே போனார். வேகமாகப் போனார்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.  கணக்குப் போடுகிறவள் மாதிரி உதடு மட்டும் அசைந்தது. பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அரை மணிதானேங்க பந்தயம்?" என்றாள். "மிச்ச நேரம் எதுக்கு ஓட்டினீங்க?"